வெங்கியின் பெயர் போட்ட கடல் இறகு

மும்பை மாட்டுங்காவில் அந்தக் கட்டடத்துக்காரர்களைக் கேட்டால், அங்கே குடியிருக்கும் வந்தனா "ஃபிஷ் டிபார்ட்மென்ட்ல ஏதோ பண்றா" என்பார்கள். மீனுக்கும் அவளுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. மீனைத் தூரத்தில் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் குடும்பம் அது. ஆனால் இதை யாருக்கு எத்தனை தடவை விளக்குவது? லிஃப்டில் யாராவது, "என்ன வந்தனா, இன்னிக்குக் கடல்ல என்ன விசேஷம்?" என்று கேட்டால் சிரித்துவைப்பாள். நாற்பத்திரண்டு வயதில், இன்னும் ஒப்பந்த வேலையில், புராஜெக்ட் முடிந்தால் அடுத்த புராஜெக்ட் வரும் வரை வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்குச் சிரித்துவைப்பது பழகிப்போன காரியம்.

அவள் ஆராய்வது ஹைட்ராய்டுகளை. கடற்கரைப் பாறையில் பாசி மாதிரி, பறவை இறகு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் செடி என்பீர்கள், ஆனால் அது பிராணி. அதுவும் ஒன்றல்ல, ஒரு கூட்டம். நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் கீற்றுகள், கீற்று நெடுக வரிசையாகக் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள், கிண்ணத்துக்கு ஒரு வாய். இத்தனை வாய்க்கும் வயிறு ஒன்றுதான். ஒரு வாய் தின்றால் எல்லோருக்கும் போய்ச் சேரும். மும்பைச் சால்களில், ஒண்டிக்குடித்தன வரிசைகளில், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் குடித்தனங்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், சண்டை மட்டும் கிடையாது.

இந்தக் கூட்டங்களில் எது எந்த இனம் என்று பிரித்துச் சொல்வதுதான் வந்தனாவின் பிழைப்பு. நூற்றைம்பது வருஷமாக இதை உருவத்தைப் பார்த்தே செய்துவந்தார்கள். கிண்ணத்தின் விளிம்பு எப்படி, கணுக்கள் எத்தனை, கீற்று எந்தக் கோணத்தில் கிளம்புகிறது என்று மைக்ராஸ்கோப்பில் கண்ணை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறகு டிஎன்ஏ வந்தது. ஒரு துணுக்கை வெட்டி, கரைத்து, அதிலிருக்கும் ஒரு மரபணுவைப் படித்துப் பார்த்தால் இது யாருடைய சொந்தம், யாருடைய சொந்தம் இல்லை என்று தெரிந்துவிடும். ஒரே இனத்துக்கு நாலு பேர் நாலு பெயர் வைத்திருப்பது வெளியே வரும். அப்போது எந்தப் பெயர் முதலில் வைத்ததோ அதுதான் நிற்கும். மற்றவை போய்விடும். தொழிலின் சட்டம் அது, தயவு தாட்சண்யம் பார்க்காது.

இனி வெங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்தனாவின் தம்பி, நாலு வயது இளையவன். ஃபோர்ட் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. கடல் ஜீவராசிகளில் அவனுக்குக் காலணா அக்கறை கிடையாது. ஆனால் வந்தனா முனைவர் பட்டத்துக்காக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து வொர்லிப் பாறைகளுக்குக் கிளம்பினால், அம்மா வாலாம்பாள் விடமாட்டாள்.

"பொம்மனாட்டி தனியாப் பாறை மேலெல்லாம் ஏறிண்டு என்னத்துக்குடி நிக்கணும்? வெங்கியைக் கூட்டிண்டு போ."

அதனால் அவன் வருவான். கையில் பக்கெட், காதில் இயர்ஃபோன், வாய் நிறையக் கிண்டல். "உன்னோட பிராணியெல்லாம் மாட்டுங்கா மார்க்கெட் கொத்தமல்லிக் கட்டு மாதிரி இருக்கு. நாலு கட்டு வாங்கிண்டு போய் லேப்ல வைடி, யார் கண்டுபிடிக்கப் போறா?" என்பான். ஆனால் அவன் கண் கழுகுக் கண். அவள் கீழே குனிந்து தடவிக்கொண்டிருக்கும்போது அவன் எட்ட நின்றபடியே, "அங்க பாரு, அந்தக் கல்லுக்கு அடியில" என்று காட்டுவான். பாதி நாள் அது வெறும் பாசியாக இருக்கும். மீதி நாள் அவள் தேடிக்கொண்டிருந்ததாகவே இருக்கும்.

அப்படி ஒரு மே மாதத்தில் அவன் ஒரு கல்லைப் புரட்டினான். அடியில் விரல் நீளத்துக்கு ஒரு சிறு கொத்து. சாதாரணமாக எல்லா இடத்திலும் கிடைக்கும் கடல் இறகு போலத்தான் தெரிந்தது, ஆனால் ஏதோ கொஞ்சம் வேறு மாதிரி. கத்தியைத் தண்ணீரில் தவறவிட்டிருந்தார்கள். வந்தனா தேடிக்கொண்டிருந்தபோது அவன் பொறுமையில்லாமல் நகத்தால் சுரண்டி, வேரோடு பிடுங்கி, உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி அதில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து தந்தான். அவ்வளவு பக்குவமாக அவன் வேறு எதையும் தூக்கி வந்து அவள் பார்த்ததில்லை.

லேப்பில் வைத்துப் பார்த்தாள். கிண்ணத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு கணு அதிகம். விளிம்பும் வேறு. புத்தகங்களைப் புரட்டினாள், வெளிநாட்டு ஆட்களுக்குப் படம் அனுப்பிக் கேட்டாள். இப்படி ஒன்றை யாரும் எழுதிவைக்கவில்லை. வந்தனா பிறகு எத்தனையோ தடவை அதே பாறைகளில் தேடியும் இரண்டாவது கொத்து கிடைக்கவில்லை.

அந்த வருஷம் ஜூலை மழையில் வீட்டுப் பக்கத்துக் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. ஆபீஸிலிருந்து திரும்பிய வெங்கி அதில் நடந்து வந்தான். எல்லோரும்தான் நடந்து வந்தார்கள். அவன் காலில் செருப்புக் கடித்த புண் இருந்தது, அவ்வளவுதான். காய்ச்சல் வந்தது, மாத்திரை போட்டான், கண் மஞ்சளானது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. இருபத்தேழு வயசுப் பிள்ளை, மழையில் வீட்டுக்கு நடந்து வந்ததற்காகச் செத்துப்போனான். இதில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று வந்தனாவுக்கு இன்று வரை தெரியவில்லை.

புது இனத்துக்குப் பெயர் வைக்கும் நேரம் வந்தபோது அவள் இரண்டாவது யோசனையே செய்யவில்லை. புளுமுலேரியா வெங்கியை. முன்பாதி கடல் இறகுகளின் பொதுப் பெயர், பின்பாதி லத்தீன் வழக்கப்படி 'ஐ' என்று வால் சேர்த்த தம்பி பெயர். அந்தக் கொத்துதான் அதன் மூல மாதிரி, உலகத்தில் யார் வந்து "வெங்கியை எங்கே?" என்று கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டிய பொருள். செம்பூர்ப் பக்கம் இருந்த அவர்கள் ஆய்வகத்தில், சாராய ஜாடிக்குள் அது போய் உட்கார்ந்தது.

வாலாம்பாள் கட்டடம் பூராவும் சொல்லிவிட்டாள். "எங்க வெங்கி பேரு சமுத்திரத்துல இருக்கு, தெரியுமோ? வெள்ளைக்காராள்ளாம் அந்தப் பேரைத்தான் எழுதணும்." காய்காரனிடம் சொன்னாள். கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பாலக்காட்டு மாமியிடம் சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் வந்தனாவுக்கு, தான் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான் என்று தோன்றும். கல்யாணம் தள்ளிப் போய், தள்ளிப் போய், பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசாமலே விட்டுவிட்டார்கள். நிரந்தர வேலை கைக்கு எட்டவில்லை. ஆனால் தம்பி பெயரைத் தண்ணீரில் நிறுத்தியிருக்கிறாள்.

அப்புறம்தான் அந்த டிஎன்ஏ புராஜெக்ட் வந்தது. மேற்குக் கரை ஹைட்ராய்டுகள் எல்லாவற்றையும் மரபணு வைத்து மறுபடி வகைப்படுத்த வேண்டும். தலைவர் சங்கரன், நல்ல மனிதர், வந்தனாவுக்கு மூன்று வருஷ ஒப்பந்தம் வாங்கித் தந்தார். "உன் 'வெங்கியை'யும் அதுல உண்டும்மா," என்றார். அவள் பயப்படவில்லை. தன் கண்ணில் அவளுக்கு அத்தனை நம்பிக்கை.

இந்தத் தொழிலில் முதல் பாடமே, துணுக்கைக் கீற்றின் நுனியிலிருந்து வெட்டு என்பதுதான். வேரைத் தொடாதே. ஏனென்றால் இந்தக் கூட்டங்கள் பாறையில் ஒன்றின் மேல் ஒன்று படர்ந்து கிடக்கும். ஒன்றின் வேரோடு இன்னொன்றின் வேர் பின்னிக்கொண்டிருக்கும். கீற்று யாருடையது என்று கண்ணுக்குத் தெரியும். வேர் யாருடையது என்று தெரியாது. வந்தனா இதைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் அன்றைக்கு வெங்கியின் ஜாடியைத் திறந்து, அந்தக் கொத்தைத் தட்டில் எடுத்து வைத்துக் கத்தரியைக் கையில் பிடித்தபோது அவளால் முடியவில்லை. இருப்பதே இத்தனூண்டு. நாலைந்து கீற்று. எந்தக் கீற்றை வெட்டுவது? அவன் நகம் பட்டுப் பிடுங்கிய இடம் அடியில் பிசிறு பிசிறாக இருந்தது. அதிலிருந்து ஒரு நூல் வேரைக் கிள்ளி எடுத்துக்கொண்டாள். வெளியே தெரியாது, உருவமும் குலையாது. மற்ற இனங்களுக்கெல்லாம் கீற்று நுனி, இதற்கு மட்டும் வேர். செய்தது தப்பு என்று கைக்குத் தெரிந்தது, மனசு கேட்கவில்லை.

கரைசலை, டிஎன்ஏ படித்துத் தரும் ஐரோலிக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. வெங்கியை என்று ஓர் இனம் இல்லை. எல்லாக் கடலிலும் கிடைக்கும் அந்தச் சாதாரண இறகும் இதுவும் ஒன்றேதான். பழைய பெயர், யாரோ ஒரு வெள்ளைக்காரன் எப்போதோ வைத்தது, அது நிற்கும்.

வந்தனா அந்த முடிவை மறுபடி மறுபடி படித்தாள். சங்கரன் அவள் மேஜைக்கே வந்து நின்றார். "டேட்டா வந்தா போட்டுத்தான் ஆகணும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு," என்றார். அவளும் போட்டாள். கட்டுரையில் தன் தம்பி பெயரைத் தன் கையாலேயே செல்லாத பெயர்களின் வரிசையில் சேர்த்தாள். வேரைக் கிள்ளியது அப்போது நினைவுக்கு வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் அதைச் சொன்னால், தம்பி மேல் உள்ள பாசத்தில் சாக்குச் சொல்கிறாள் என்பார்களே என்று மென்று விழுங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். வாலாம்பாள், "ஓ," என்றாள். பிறகு வாழைக்காயைச் சீவப் போய்விட்டாள். அன்றிலிருந்து சமுத்திரத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பாலக்காட்டு மாமி ஒருநாள் தானாகவே எடுத்தபோதும் பேச்சை மாற்றிவிட்டாள். அந்த மௌனத்தைப் பார்க்கப் பார்க்க வந்தனாவுக்குக் குற்ற உணர்ச்சி நெஞ்சை அறுத்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமிருந்து பிள்ளை பெயரையும் பிடுங்கிவிட்டோம் என்றே நினைத்தாள்.

கொரோனா வந்தது, போனது. புராஜெக்ட் முடிந்து, ஒன்றரை வருஷம் வீட்டில் உட்கார்ந்து, மறுபடி ஒரு புராஜெக்ட் கிடைத்து அவள் ஆய்வகத்துக்குத் திரும்பியபோது பக்கத்து மேஜையில் சாயிமா இருந்தாள். தாராவிப் பெண், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள், அதே இறகு ஹைட்ராய்டுகளைத்தான் எடுத்திருந்தாள். படபடவென்று பேசுவாள், பாதி இந்தி, பாதி நெல்லை. அவளைக் கண்டதும் வந்தனாவுக்குப் பிடித்துப்போனது.

ஒரு மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தபோது சாயிமா தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், புரா மத் மான்னா, தப்பா நெனச்சுக்கிடாதிய. உங்க பழைய பேப்பர்ல எல்லாத்துக்கும் கீத்து நுனின்னு போட்டிருக்கிய. இந்த வெங்கியைக்கு மட்டும் எந்த இடம்னே போடலியேக்கா. எங்க வெட்டுனிய?"

வந்தனா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். "வேர்ல," என்றாள்.

"வேர்லயா?"

"அது ஒண்ணுதான் இருந்தது, சாயிமா. மேல கத்தரி வைக்க மனசு வரலை."

சாயிமா தன் டப்பாவை ஓரமாகத் தள்ளிவைத்தாள். பிறகு மெல்ல, "அந்த வேரு அதோடதுதானான்னு பாத்தியளாக்கா?" என்றாள்.

பார்க்கவில்லை. சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு இருவரும் ஜாடியை எடுத்துவரப் போனார்கள். மைக்ராஸ்கோப்பில் அடிப்பாகத்தை மெல்லப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு சாயிமா நகர்ந்துகொண்டாள், வந்தனா பார்த்தாள். வேர் இரண்டு வகை. ஒன்று தண்டுகளுக்குப் போகிறது. இன்னொன்று தண்டில்லாமல், வெங்கி பிடுங்கியபோது கூடவே பிய்ந்து வந்த வேறொரு கூட்டத்தின் வேர், இதற்குள் நுழைந்து சுற்றிக்கொண்டு கிடக்கிறது. கிள்ளி எடுத்த வடு அந்த இரண்டாவது வேரில் இருந்தது.

வந்தனா லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அவள் படித்தது பக்கத்துக் கூட்டத்தின் டிஎன்ஏவை. தம்பியுடையதைப் படிக்கவே இல்லை. தப்பான ஆளை விசாரித்துத் தம்பிக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறாள். ஆக, அவன் இனம் உண்மையாகவே தனி இனமாக இருக்கலாம். அந்தப் பெயர் திரும்பி வரலாம். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்குச் சந்தோஷம் என்று ஒன்று வந்தது அன்றைக்குத்தான்.

இந்தத் தடவை ஒரு கீற்றின் நுனியை வெட்டினாள். மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் மெஷினில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு நுனி. அதிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவையும் வெறுமையாகவே வந்தபோதுதான் சந்தேகம் தட்டி ஜாடியை முகர்ந்து பார்த்தாள். மூக்கைச் சுள்ளென்று எரித்தது. அது சாராய வாடையே இல்லை.

ஜாடிகளைப் பார்த்துக்கொள்கிறவர் அய்யாத்துரை, வடாலாவிலிருந்து வருகிறவர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"லாக்டவுன்ல ஸ்பிரிட் எங்க மேடம் கெடச்சுது? எல்லாத்தையும் சானிடைசருக்கு அள்ளிட்டுப் போயிட்டாங்க. ஜாடியெல்லாம் வத்திட்டு வருது, காஞ்சிருச்சுன்னா ஒண்ணுக்கும் ஆகாதுல்ல? ஃபார்மலின் இருந்துச்சு, ஊத்திட்டேன்." பிறகு கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "உங்க தம்பி ஜாடிக்குத்தான் மேடம் மொதல்ல ஊத்துனேன்."

அவரைத் திட்ட அவளுக்கு நாக்கு எழவில்லை. போலீஸ் மறித்த நாட்களில் செம்பூருக்கு நடந்தே வந்து ஜாடிகளைக் காப்பாற்றிய மனிதர். ஃபார்மலின் உருவத்தை நன்றாகவே காப்பாற்றும், கணு கணுவாக. டிஎன்ஏவைத்தான் சுக்கல் சுக்கலாக்கிவிடும். "தேங்க்ஸ் அய்யாத்துரை," என்று சொல்லி அனுப்பினாள்.

புதிதாக ஒரு கொத்து கிடைத்தால் போதும். ஆனால் எங்கே போவது? வெங்கி கல்லைப் புரட்டிய இடத்துக்கு மேல் இப்போது கடலைத் தூர்த்து ரோடு போட்டாகிவிட்டது. சாயிமாவும் அவளும் மிச்சமிருந்த பாறைகளில் மாதக்கணக்கில் தேடினார்கள். சாதாரண இறகுதான் வந்தது.

கடைசியில் ஒரு வழி தெரிந்தது. தெற்கே ஓர் ஆய்வகத்தில், ஃபார்மலினில் ஊறிய மாதிரிகளிலிருந்தும் சுக்கலான டிஎன்ஏவைப் பொறுக்கிச் சேர்த்துப் படிக்கிறார்களாம். வந்தனா போனில் பேசினாள். முடியும் என்றார்கள், ஆனால் உத்தரவாதம் இல்லை. ஒரு நுனி, இரண்டு நுனி எல்லாம் பற்றாது, முழுக் கொத்தும் வேண்டும். ஒப்பிட வேரையும் சேர்த்து அனுப்புங்கள், ஸ்லைடில் ஏதாவது ஒட்டிவைத்திருந்தால் அதையும் ஊறவைத்து எடுத்து அனுப்புங்கள். எல்லாவற்றையும் அரைத்துத்தான் எடுப்போம், திருப்பித் தர ஒன்றும் இருக்காது.

சங்கரன் தலையைப் பிடித்துக்கொண்டார். "மூல மாதிரியை யாராவது அழிப்பாளா? பேர் செல்லலைன்னாலும் அது மூல மாதிரிதாம்மா. போனா போனதுதான்."

"பேர் இல்லாம அது ஜாடியில கெடந்து என்ன சார் பண்றது?" என்றாள் வந்தனா. "போன தடவை வெட்டறதுக்கு மனசு வராமதான் இத்தனை கோளாறும். இந்தத் தடவையும் நான் அதே காரியத்தைப் பண்ணமாட்டேன்."

அவர் அரை மனதோடு கையெழுத்துப் போட்டார். அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு மறுபடி பிடுங்குவது பாவம். வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், நல்ல சேதியாகச் சொல்லலாம் என்று நினைத்தாள். ஸ்லைடிலிருந்து கடைசிக் கீற்றை ஊறவைத்து விடுவிக்கும்போது சாயிமா பக்கத்தில் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். குழாயை மூடி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, கூரியர்காரன் எடுத்துக்கொண்டு போகும் வரை இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

முடிவு வர மழைக்காலம் முடிந்து தீபாவளியும் போய்விட்டது. வந்தது. நன்றாகவே வந்திருந்தது, சந்தேகத்துக்கு இடமில்லாமல், வேரிலும் கீற்றிலும் தனித்தனியாக. வந்தனா அதை எடுத்து மற்ற இனங்களோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு வேறு முறையில் ஒப்பிட்டாள். பிறகு இன்னொரு முறையில். இரண்டு நாள் சாயிமாவோடுகூடப் பேசாமல் இதையே செய்துகொண்டிருந்தாள். எப்படிச் செய்தாலும் ஒரே விடை.

இரண்டும் ஒன்றேதான். பக்கத்து வேரும் சாதாரண இறகு, வெங்கி கீற்றும் சாதாரண இறகு. வெளிச்சமில்லாத கல்லுக்கடியில், சாக்கடை கலந்த மும்பைத் தண்ணீரில் வளர்ந்ததால் அந்தக் கொத்து கொஞ்சம் கோணலாக, ஒரு கணு கூடுதலாக வளர்ந்திருக்கிறது. அவ்வளவுதான். இந்தப் பிராணிகள் தண்ணீருக்குத் தகுந்தபடி உருவம் மாறும் என்பது புத்தகத்தில் உள்ள விஷயம், அவளே பாடம் எடுத்த விஷயம். முதல் தடவை தப்பான இடத்தில் வெட்டி வந்த விடையே சரியான விடை.

"நா வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்க்கா," என்றாள் சாயிமா. அவள் கண் கலங்கியிருந்தது.

"நீ கேட்டது சரி. கேக்காம விட்டிருந்தாதான் தப்பு," என்றாள் வந்தனா. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். நினைத்து என்ன, நெஞ்சு ஆறவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, பெயரும் போய் ஆளும் போய்விட்டதே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் கைக்குட்டையை நீட்டினாள்.

வீட்டில் வாலாம்பாள் அப்போதுதான் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வந்தனா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். வேரைக் கிள்ளியது, ஃபார்மலின், தெற்கே அனுப்பியது, வந்த முடிவு. அம்மாவுக்குப் புரிய வேண்டுமே என்று நிதானமாகச் சொன்னாள்.

"வெங்கி பேரைத் திருப்பிக் கொண்டுவந்துடலாம்னு பார்த்தேம்மா. முடியலை. அது எல்லாக் கடல்லயும் இருக்கிற சாதாரண ஜீவன்தான்."

வாலாம்பாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஜாடி?" என்றாள்.

"ஜாடி இருக்கு. உள்ள ஒண்ணும் இல்லை."

"கொஞ்சம்கூடவா இல்லை?"

"இல்லம்மா. எல்லாத்தையும் அரைச்சாச்சு."

வாலாம்பாள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"பேருக்கு என்னடி? பேர் நான் வெச்சது. தெனம் நான் கூப்பிட்டுண்டுதானே இருக்கேன்," என்றாள். "அவன் சட்டையெல்லாம் கொடுத்தாச்சு. போனு செத்துப்போச்சு. அவன் கையால எடுத்துண்டு வந்தது அது ஒண்ணுதான் மிச்சம் இருந்தது."

வந்தனா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ ஊர்ல இல்லாதப்போ நாலஞ்சு தடவை பஸ் ஏறிப் போயிருக்கேன்," என்றாள் அம்மா. "அய்யாத்துரை எடுத்துக் காட்டுவான். செத்த நேரம் பார்த்துட்டு வந்துடுவேன். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் அவன்கிட்ட சொல்லி வெச்சேன், நீ சங்கடப்படுவேன்னு."

வாலாம்பாள் எழுந்து, "காபி போடறேன்," என்று உள்ளே போனாள். வந்தனா செருப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்டிருக்கவில்லை.